செவ்வாயின் இழுவை எவ்வளவு?

(பிரதோஷ வழிபாட்டின் பின் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் திருமுறை விளக்கம் சொல்வதற்கு முன் ஒரு பிழையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது வேறு எவருடைய பிழையும் அன்று. இதே மண்டபத்தில், இதே இடத்தில் நின்று, ஐந்து வருடங்களுக்கு முன் கந்தசஷ்டி நாட்களில் நானே பேசிய பேச்சு. நவக்கிரக வழிபாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தபோது, "எங்கள் முன்னோர் அன்றே அறிந்திருந்ததை இன்று விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது, கோள்கள் எல்லாவற்றுக்கும் ஈர்ப்பு விசை உண்டு, செவ்வாய் எங்களை இழுக்கத்தானே செய்கிறது" என்று சொன்னேன். நீங்களும் தலையசைத்தீர்கள். சிலர் கைதட்டியதாகவும் ஞாபகம். பேசுகிறவனுக்குக் கைதட்டலைப் போல ஆபத்தான பொருள் வேறில்லை.

அந்தப் பேச்சை யாரோ ஒரு தம்பி ஒலிப்பதிவு செய்து வட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார். அது ஊர் சுற்றி, கடைசியில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு சம்பந்தம் பேசி முற்றாகும் நேரம். பெண்ணின் சாதகத்தில் எட்டாம் இடத்தில் செவ்வாய். மாப்பிள்ளையின் தாயார் மனம் இரண்டாக இருந்தார்; பிள்ளையோ இதையெல்லாம் பார்க்கத் தேவையில்லை என்று நின்றான். அப்போதுதான் என் குரல் அங்கே போயிருக்கிறது. "பௌதிகம் படிப்பித்த மாஸ்ரரே சொல்கிறார்" என்ற சொல்லோடு அந்தக் கலியாணம் நின்றது. அந்தப் பெண்ணுக்கு அது மூன்றாவது தடவை.

இதை நான் அறிந்தது இவ்வருடம்தான். அந்தப் பெண்ணே என்னிடம் வந்தாள். பெயர் சொல்லமாட்டேன், இங்கே சொல்வதற்கு அவளிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, அன்னதான மண்டபத்தில் எல்லோரும் எழுந்துபோன பிறகு, எனக்கு எதிரே வந்து அமர்ந்தாள். கோபமாகப் பேசுவாள் என்று பயந்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"மாஸ்ரர், நீங்கள் சொன்ன அந்த இழுவை எவ்வளவு?"

முப்பது வருடம் ஊரில் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தவன் நான். நியூற்றனின் விதியை எத்தனை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஆனால் அந்தப் பேச்சைப் பேசும் முன் நான் அந்தக் கணக்கைச் செய்து பார்க்கவில்லை. செய்யாமலே "விஞ்ஞானம் சொல்கிறது" என்றேன். அன்றைக்கு அர்ச்சனைச் சிட்டை ஒன்றின் பின்பக்கத்திலே இருவரும் இருந்து கணக்குப் பார்த்தோம். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஈர்ப்பு என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்வோம். 1687ஆம் ஆண்டு நியூற்றன் வெளியிட்ட நூலில், பூமி மாத்திரம் அன்று, எடையுள்ள ஒவ்வொரு பொருளும் மற்ற ஒவ்வொரு பொருளையும் இழுக்கிறது என்று காட்டினார். இந்தத் தூண் என்னை இழுக்கிறது. நான் தூணை இழுக்கிறேன். மடப்பள்ளியிலுள்ள அண்டா உங்களை இழுக்கிறது (பசி நேரத்தில் அது இன்னும் பலமாக இழுப்பது வேறு விடயம்). இரு பொருள்களின் திணிவு கூடக் கூட இழுவை கூடும். தூரம் கூடக் குறையும்; அதுவும் சும்மா குறையாது. தூரம் இரு மடங்கானால் இழுவை நாலில் ஒன்று; மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இந்தத் தூரக் கணக்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனால் இரண்டு பொருள்களுக்கிடையே உள்ள இந்த இழுவை கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது என்றே நியூற்றன் கருதினார். அதை அளந்து காட்ட நூறு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. எங்கே அளந்தார்கள் தெரியுமா? எங்களுக்கு மிக அருகில்! ரூட்டிங்கில் மரக்கறி வாங்கிக்கொண்டு நோர்தேன் லைனில் ஏறி வருகிறீர்களே, வழியில் கிளப்பம் கொமன் நிலையம் வருகிறதல்லவா, அந்தக் கிளப்பத்தில்தான். சவுத் சேர்க்குலர் வீதியில் கவென்டிஷ் ரோட் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய ஹென்றி கவென்டிஷ் அங்கேதான் குடியிருந்தார். வீடு இன்று இல்லை. பெயர் மாத்திரம் வீதியில் நிற்கிறது. நானும் எத்தனையோ முறை அந்த வாகன நெரிசலில் அகப்பட்டு முணுமுணுத்திருக்கிறேன், எந்த இடத்தில் நிற்கிறேன் என்று அறியாமல்.

கவென்டிஷ் பெரிய செல்வந்தர், ஆனால் மனிதர் முகம் பார்த்துப் பேசக் கூசுகிறவர். வீட்டு வேலைக்காரிகளுக்குக்கூடத் துண்டுச் சீட்டில் எழுதித்தான் வேண்டியதைச் சொல்வாராம். அவர் தமது அறுபத்தாறாம் வயதில், 1797இல் தொடங்கி 1798 வரை இந்தப் பரிசோதனையைச் செய்தார். கருவியை முதலில் அமைத்தவர் அவர் அல்லர். ஜோன் மிச்சல் என்ற தேவாலயக் குரு ஒருவர். கோயில் பணியும் பார்த்துக்கொண்டு பூமியை நிறுக்கவும் ஆசைப்பட்ட அந்தக் குருவானவர் 1793இல் காலமாகிவிட, கருவி கைமாறிக் கவென்டிஷிடம் வந்தது.

ஆறடி நீளமான ஒரு மரச் சட்டம். அதன் இரு முனைகளிலும் முக்கால் கிலோ அளவான இரண்டு ஈயக் குண்டுகள். சட்டத்தை நடுவிலே ஒரு மெல்லிய கம்பியில் தொங்கவிட்டிருக்கிறது. அந்தச் சின்னக் குண்டுகளுக்கு அருகே, ஒவ்வொன்றும் 158 கிலோ எடையுள்ள இரண்டு பெரிய ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பெரியது சின்னதை இழுத்தால் சட்டம் சற்றே திரும்பும். எவ்வளவு திரும்பியது என்கிறீர்கள்? ஏறத்தாழ நாலு மில்லிமீற்றர். அந்த இழுவை சின்னக் குண்டின் எடையில் ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒரு பங்கு.

இதிலே என்னைக் கவர்ந்தது குண்டுகள் அல்ல, அந்த மனிதர் எடுத்துக்கொண்ட கவனம். ஒரு மனிதர் பக்கத்தில் நின்றாலே அவருடைய உடம்புச் சூட்டினால் காற்று அசையும். அந்த அசைவு ஈர்ப்பைவிடப் பெரிது. ஆகவே கருவியைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பூட்டிய கட்டடத்துக்குள் வைத்து, தான் வெளியிலே நின்று, சுவரில் துளையிட்டுத் தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். பெரிய குண்டுகளையும் வெளியிலிருந்தே கயிறும் கப்பியும் கொண்டு நகர்த்தினார். தன்னைத்தானே அப்புறப்படுத்திக்கொண்டுதான் அந்த உண்மையைக் கண்டார். நான் அன்று மேடையிலே செய்தது இதற்கு நேர் எதிர்.

அவர் கண்ட விடை, பூமி தண்ணீரைப்போல 5.48 மடங்கு அடர்த்தி உடையது என்பது. இன்றைய அளவீடு 5.51. கிளப்பத்துத் தோட்டத்தில் ஈயக் குண்டை வைத்துக்கொண்டு உலகத்தையே நிறுத்துவிட்டார்! இப்போது இன்னும் நுட்பமாகப் போய்விட்டார்கள். 2021இல் வியன்னாவிலே ஒரு குன்றிமணி எடைகூட இல்லாத, 90 மில்லிகிராம் அளவான இரண்டு பொன் உருண்டைகளுக்கிடையே உள்ள இழுவையை அளந்து வெளியிட்டார்கள். நகரத்தின் அதிர்வு குறைந்திருக்க வேண்டும் என்பதற்காக நத்தார் விடுமுறைக் காலத்தில் அளந்தார்களாம்.

இனி எங்கள் சிட்டைக் கணக்குக்கு வருவோம். எழுபது கிலோ எடையுள்ள இருவர் ஒரு மீற்றர் இடைவெளியில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். இப்போது நீங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப்போல. அவர்களுக்கிடையே உள்ள இழுவை, ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதிலே 33 பங்கின் எடை. ஒரு நுளம்பின் எடையில் அறுபதில் ஒரு பங்கு. நுளம்பு உங்கள் கையில் வந்து இருப்பதே தெரிவதில்லை, கடித்த பிறகுதானே தெரிகிறது! இது அதிலும் அறுபதில் ஒன்று.

செவ்வாய்க்கு வருவோம். அது பூமிக்கு மிக நெருங்கி வரும்போது ஐந்து கோடியே அறுபது இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். பெரிய கோள்தான், பூமியின் திணிவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். ஆனால் தூரம்! பிறந்த குழந்தை ஒன்றை அந்த நிலையில் செவ்வாய் எவ்வளவு இழுக்குமோ, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே அரை மீற்றர் தள்ளி நிற்கும் மருத்துவிச்சி இழுக்கிறாள். பெற்ற தாய் குழந்தையை மார்போடு அணைத்திருக்கும்போது அவளுடைய இழுவை செவ்வாயைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இது செவ்வாய் மிகக் கிட்ட வந்த நாளிலே. விலகி நிற்கும் காலத்தில் அது நாற்பது கோடி கிலோமீற்றருக்குப் போய்விடும். தூரம் ஏழு மடங்கு. ஆகவே இழுவை ஐம்பதில் ஒன்று. முதலில் சொன்னேனே தூரக் கணக்கு, அது இதுதான். மருத்துவமனைக் கட்டடத்தையும் சேர்த்தால் கதை முடிந்தது: ஆயிரம் தொன் எடையை பத்து மீற்றர் தூரத்தில் வைத்தால், கிட்ட வந்த செவ்வாயைப்போல அது ஐம்பது மடங்கு இழுக்கும். எட்டாம் வீட்டில் எந்தக் கட்டடம் என்று எந்தச் சாத்திரியாரும் கேட்பதில்லை.

கணக்கு இந்த இடத்துக்கு வந்தபோது அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவள் வேலை செய்வது மகப்பேற்று விடுதியிலே. "மாஸ்ரர், அப்படியென்றால் நான் எத்தனை பிள்ளைகளுக்குக் குற்றம் வைத்திருப்பேன்?" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

இதை நான் போன மாதம் சிலரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "கடலையே இழுக்கிற சந்திரன் எங்களை இழுக்காதோ?" என்று. இழுக்கும் அம்மா. எழுபது கிலோ ஆளைச் சந்திரன் கால் கிராம் எடைக்குச் சற்றுக் குறைவான விசையோடு இழுக்கிறது. சூரியன் நாற்பது கிராம் அளவுக்கு இழுக்கிறது. பக்கத்திலிருப்பவரைவிட இவை மிக மிகப் பெரியவை, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த இழுவை உங்களை மாத்திரம் இழுப்பதில்லை. உங்கள் கதிரையையும், இந்தக் கட்டடத்தையும், பூமியையும் சேர்த்து ஒரே அளவாக இழுத்துப் போகிறது. ஓடுகிற ரயிலுக்குள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து போகிறார்கள் அல்லவா, அதைப்போல. கடலிலே வற்றுப்பெருக்கு வருவதற்குக் காரணம், சந்திரனுக்கு நேரான பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தூர வித்தியாசம் இருப்பது. அபிஷேகக் குடத்திலே வற்றுப்பெருக்கு வருவதில்லை. அரை மீற்றர் நீளக் குழந்தைக்குள்ளும் வராது.

இன்னும் ஒன்று கேளுங்கள். ஈர்ப்பினால்தான் கோள்கள் பலன் செய்கின்றன என்று நான் அன்று சொன்னது, சாத்திரத்துக்கே பொருந்தாத பேச்சு. ஈர்ப்புத்தான் அளவுகோல் என்றால் வியாழன் செவ்வாயைவிட இருபது மடங்குக்கு மேல் இழுக்கிறது, இரண்டும் பூமிக்குக் கிட்ட வரும் காலத்திலே. அப்படியானால் குருவை அல்லவா நாம் கண்டு நடுங்க வேண்டும்? குரு பார்வை கோடி நன்மை என்றல்லவா சொல்கிறோம்! அதைவிட, இராகுவும் கேதுவும் யார்? சந்திரன் செல்லும் பாதை சூரியன் செல்லும் பாதையை வெட்டுகின்ற இரண்டு புள்ளிகள். அங்கே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. சாயாக் கிரகங்கள் என்று பெயர் வைத்த முன்னோர் அதை அறிந்தே வைத்தார்கள். திணிவு இல்லாத இடத்தில் ஈர்ப்பு ஏது? ஆகவே நியூற்றனைக் கூட்டிவந்து சாத்திரத்துக்கு முட்டுக் கொடுத்த நான் நியூற்றனையும் பிழையாகச் சொன்னேன், சாத்திரத்தையும் பிழையாகச் சொன்னேன்.

சாத்திரத்தை எடுத்தெறியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பஞ்சாங்கம் இல்லாமல் இந்தப் பிரதோஷ தினத்தையே நாம் அறிந்திருக்க மாட்டோம். குறிப்புப் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் வீட்டு வழக்கம். ஆனால் "விஞ்ஞானம் சொல்கிறது" என்று சொல்லி ஒரு பிள்ளையின் வாழ்க்கையை யாரும் தள்ளி வைக்கக் கூடாது. விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை.

சைவம் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? ஏழாம் நூற்றாண்டிலே திருமறைக்காட்டில், இன்றைய வேதாரணியத்தில், அப்பர் சுவாமிகளும் திருஞானசம்பந்தரும் ஒன்றாக எழுந்தருளியிருந்தார்கள். மதுரையிலிருந்து மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அனுப்பிய தூதர்கள் வந்து சம்பந்தரை அழைத்தார்கள். அப்பர் சுவாமிகள் தடுத்தார். சமணரால் தாம் பட்ட துன்பத்தை அறிந்தவர் அவர். அத்தோடு, கோள்களின் நிலை இப்போது நன்றாக இல்லையே என்றும் சொன்னார். சொன்னவர் சாதாரண ஆள் அல்லர், வயதிலும் அனுபவத்திலும் பழுத்தவர். சம்பந்தருக்கே அப்பர் ஆனவர். அவர் சொன்னதும் அன்பினால்தான். பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் பயப்படுவது அன்பினால்தான் என்பதை நான் மறுக்கவில்லை.

அப்போது பிறந்ததுதான் கோளறு பதிகம். சம்பந்தர் அங்கே கோள்களோடு சண்டைக்குப் போகவில்லை. அவை இல்லை என்றும் சொல்லவில்லை. இறைவன் என் உள்ளத்தில் புகுந்திருப்பதனால் அவை அடியார்க்கு நல்லனவே என்று பாடினார். பாடிவிட்டு அங்கேயே இருந்துவிடவும் இல்லை. புறப்பட்டு மதுரைக்குப் போனார். நாமோ அதே பதிகத்தைச் சந்நிதியில் நின்று பாடிவிட்டு, வீட்டுக்குப் போய் எட்டாம் இடத்தில் செவ்வாய் என்று கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறோம்.

இழுவை என்ற சொல்லுக்குச் சித்தாந்தத்தில் இடம் இல்லாமல் இல்லை. சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் மெய்கண்ட தேவர் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக வைக்கிறார். காந்தம் இரும்பைத்தான் தெரிந்து இழுக்கும். மரத்தையும் பொன்னையும் விட்டுவிடும். ஈர்ப்பு அப்படியல்ல. அதற்கு இன்னார் இனியார் இல்லை. தள்ளத் தெரியாது, இழுக்க மாத்திரமே தெரியும். சுவர் வைத்து மறைக்கவும் முடியாது. ஆண்டவன் அருளுக்கு இது நல்ல உவமை என்று சொல்ல நாக்கு அரிக்கிறது. சொல்லலாம், உவமை என்றே சொல்ல வேண்டும், நிரூபணம் என்று சொல்லக் கூடாது. இந்த வித்தியாசத்தைத்தான் நான் அன்று தவறவிட்டேன்.

அந்தப் பிள்ளையின் வீட்டாரிடமும் போனேன். மாப்பிள்ளையின் தாயாரைத்தான் சொல்கிறேன். மரியாதையாக உபசரித்தார், தேநீர் தந்தார். கணக்கை முழுவதும் கேட்டார். "மாஸ்ரர், நீங்கள் சொன்னதைத்தானே நாங்கள் கேட்டோம்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மகனுக்கு வேறு இடத்தில் பேசி முற்றாகிவிட்டது. நான் தாமதித்துவிட்டேன்.

திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "அவர்களிடம் போனதற்கு நன்றி மாஸ்ரர். ஆனால் நீங்கள் பிழையைச் சொன்னது அவர்கள் வீட்டில் இல்லையே, கோயிலில்தானே" என்றாள். அதனால்தான் இங்கே நிற்கிறேன். இந்த முறையும் யாராவது ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தால் தயவு செய்து முழுவதையும் அனுப்புங்கள், பாதியில் வெட்டாமல்.

அர்ச்சனைச் சிட்டையில் எழுதிய கணக்கு ஆலய அலுவலகத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்காக அதையே இந்த இதழின் ஆங்கிலப் பக்கத்திலும் போடும்படி கேட்டிருக்கிறேன். உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் செய்து பாருங்கள். பிழை கண்டால் சொல்லுங்கள். அடுத்த பிரதோஷத்தில் இதே இடத்தில் நின்று திருத்துகிறேன்.

இப்போது எல்லோரும் எழுந்து நவக்கிரக சந்நிதிக்கு வாருங்கள். கோளறு பதிகம் பதினொரு பாட்டையும் இன்று சேர்ந்து பாடுவோம். அந்தப் பிள்ளைதான் தொடங்கி வைக்கிறாள்.

திருச்சிற்றம்பலம்.